அழித்ததும் அழியாததும்

முன்பெல்லாம் நம் இல்லங்கள் பலவற்றில் வாசற்கதவின் பின்புறம் ஒரு கம்பி தொங்குவதுண்டு. மேல்முனை கொக்கியாக வளைந்திருக்கும். அடிமுனையில் வட்டமான மரக்கட்டை ஒன்று இருக்கும். வந்த கடிதங்களைப் படித்து முடித்ததும் அக்கம்பியில் குத்தி வைப்பர். கம்பி நிறைந்து இனி ஓர் அஞ்சலட்டைக்கும் இடமில்லை என்றானபோது, வீட்டுப் பெரியவர் ஒரு பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து அவற்றை உருவியெடுப்பார். நிலவரி ரசீது, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் கடிதம், இறந்துபோன தமையனின் கையெழுத்து ஆகியவை ஒருபுறம். முடிந்துபோன திருமணங்களின் அழைப்பிதழ்கள், நலம் கேட்ட அட்டைகள் மறுபுறம். முன்னவை பெட்டிக்குள் போகும். பின்னவை அடுப்புக்குப் போகும். கம்பியின் நீளம் ஒரு சாணோ இரு சாணோதான். ஆயினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்து பார்க்கும்படி அக்குறுகிய கம்பியே அவரைக் கட்டாயப்படுத்தியது.

இன்று கம்பி போயிற்று, மின்னஞ்சல் வந்தது. அதற்கு நீளம் என்ற ஒன்று இருப்பதாகவே நாம் நெடுநாள் உணரவில்லை. வங்கி அறிவிப்பு, கடை விளம்பரம், எப்போதோ பயணம் செய்த பேருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சுற்றறிக்கை என்று ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. ஒரு நாள் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. எரிச்சலும் அச்சமும் சேர்ந்து, அத்தனையையும் ஒரே அழுத்தில் அழித்துவிட விரல் துடிக்கிறது. அழிக்கத்தான் வேண்டும்; ஐயமில்லை. ஆனால் எதை, எப்பொழுது, எந்த விதியின்படி அழிப்பது? இக்கேள்வி நம் காலத்தில் புதிதாக எழுந்ததன்று. மின்னஞ்சல் பிறந்த மறு ஆண்டிலேயே அது எழுந்துவிட்டது. ஒரு வல்லரசின் தலைமை மாளிகையையே ஒருமுறை உலுக்கியும் பார்த்துவிட்டது.

குவியலோடு பிறந்த குழந்தை

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலையமைப்பின் வழியாக முதல் மின்னஞ்சலை 1971ஆம் ஆண்டில் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அந்நாளில் ஒருவருக்கு வரும் செய்திகள் யாவும் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒட்டிக்கொண்டே போகும். ஐந்தாவது செய்தி வேண்டுமானாலும் முதல் நான்கையும் கடந்தே வரவேண்டும். ஆய்வுப் பணிகளுக்குப் பொருளுதவி செய்த ஆர்பா என்னும் அரசு நிறுவனத்தின் இயக்குநர் ஸ்டீபன் லூக்காசிக் இப்புதிய வசதியை மிகுதியாகப் பயன்படுத்தினார். விரைவிலேயே குவியலில் சிக்கித் திணறினார். அவருடைய குறையைத் தீர்க்க, அவர்கீழ்ப் பணியாற்றிய லாரி ராபர்ட்ஸ் 1972ஆம் ஆண்டில் ஒரு சிறு மென்பொருளை எழுதித் தந்தார். வந்தவற்றைப் பட்டியலிடவும், விரும்பியதைத் தேர்ந்து படிக்கவும், வேண்டியதைச் சேமிக்கவும், வேண்டாததை நீக்கவும் அது வழி செய்தது. மின்னஞ்சல் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் அதை நீக்கும் கருவியும் பிறக்க வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அதன்பின் வந்த அமைப்புகள் மற்றொரு நுட்பத்தையும் கைக்கொண்டன. 1986ஆம் ஆண்டில் மார்க் கிரிஸ்பின் வகுத்ததும் இன்றுவரை நம் கைப்பேசிகளில் வழங்குவதுமான ஐமேப் என்னும் நெறிமுறையில், ‘நீக்கு’ என்றவுடன் கடிதம் நீங்கிவிடுவதில்லை. அதன்மீது ஒரு குறி மட்டும் இடப்படுகிறது. பின்னர் தனியாக மற்றோர் ஆணை வரும்போதுதான் குறியிட்டவை உண்மையிலேயே அகற்றப்படும். தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே சிறிது அவகாசம் இருக்கட்டும் என்று அமைத்தவர்கள் கருதினர் போலும். மனிதன் அவசரத்தில் தவறுவான் என்பதைப் பொறியாளர்களும் அறிந்தே இருந்தனர்.

ஆனால் நீக்கும் பொத்தானை அழுத்தியவர்கள் எல்லாரும் இதை அறிந்திருக்கவில்லை. அவ்வறியாமையின் விளைவை 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாஷிங்டன் நகரம் கண்டது.

வெள்ளை மாளிகையின் நாடாக்கள்

அதிபர் ரீகனின் ஆட்சிக்காலம் அது. லெபனானில் அமெரிக்கர் சிலர் கடத்தப்பட்டுப் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தனர். பெய்ரூட்டில் கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணியை நடத்தி வந்த குரு லாரன்ஸ் ஜெங்கோவும் அவர்களுள் ஒருவர். 1985 ஜனவரியில் கடத்தப்பட்ட அவர் 1986 ஜூலையில்தான் விடுதலை பெற்றார். பிணையாளர்களை மீட்கும் நோக்கத்தோடு வெள்ளை மாளிகை அதிகாரிகள் ஈரானுக்கு இரகசியமாக ஆயுதங்கள் விற்க வழிசெய்தனர். அதில் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியை, நிகராகுவா அரசுக்கு எதிராகப் போரிட்ட கான்ட்ரா படையினருக்குத் திருப்பிவிட்டனர். அப்படையினருக்கு அரசு உதவி செய்வதை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்திருந்தது. 1986 நவம்பர் தொடக்கத்தில் லெபனான் இதழ் ஒன்று ஆயுத விற்பனையை வெளிப்படுத்தியதும் எல்லாம் குலையத் தொடங்கிற்று.

தேசியப் பாதுகாப்பு மன்ற அலுவலகத்தில் அப்போது ஐபிஎம் நிறுவனத்தின் ‘ப்ராஃப்ஸ்’ என்னும் மின்னஞ்சல் அமைப்பு இருந்தது. அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயிண்டெக்ஸ்டரும், அவர்கீழ்ப் பணியாற்றிய படை அதிகாரி ஆலிவர் நார்த்தும் இம்முயற்சிகளைப் பற்றி அதன் வழியே ஓயாது எழுதிக்கொண்டிருந்தனர். விசாரணை நெருங்குவதை அறிந்ததும் இருவரும் தத்தம் பெட்டிகளைத் துப்புரவு செய்யத் தலைப்பட்டனர். நவம்பர் இறுதி வாரத்தின் சில நாள்களுக்குள் பாயிண்டெக்ஸ்டரின் பெட்டியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட செய்திகளும், நார்த்தின் பெட்டியிலிருந்து 700க்கும் மேற்பட்ட செய்திகளும் நீக்கப்பட்டன. பெருந்தொகையான மின்னஞ்சலை விரைவாக அழிப்பது எப்படி என்னும் கலையில் அந்நாளில் அவர்களை விஞ்சியவர் இலர் எனலாம். நவம்பர் 25ஆம் நாள் செய்தி அதிகாரபூர்வமாக வெளிவந்தது. பாயிண்டெக்ஸ்டர் பதவி விலகினார். நார்த் பணியிலிருந்து அகற்றப்பட்டார்.

அவர்கள் எண்ணாத ஒன்று இருந்தது. கணிப்பொறி பழுதடைந்தால் பணி தடைப்படக்கூடாது என்பதற்காக, அமைப்பின் உள்ளடக்கம் முழுவதும் அவ்வப்போது காந்த நாடாக்களில் படியெடுத்து வைக்கப்பட்டு வந்தது. வழக்கப்படி சில நாள்கள் கழித்து அதே நாடாக்களின் மீது புதிய படி எழுதப்படும், பழையது மறையும். ஆனால் விவகாரம் வெடித்த அவ்வேளையில், நாடாக்களைப் பராமரித்த பணியாளர்கள் அவற்றை மீண்டும் சுழற்சிக்கு விடாமல் எடுத்து வைத்துவிட்டனர். மாளிகையில் மாட்சிமை மிக்கவர்கள் அழித்ததை, மேலடுக்கில் யாருக்கும் பெயர் தெரியாத ஊழியர்கள் காத்தனர். அந்நாடாக்களிலிருந்து செய்திகள் மீட்கப்பட்டன. 1987 பிப்ரவரியில் டவர் ஆணையம் வெளியிட்ட அறிக்கைக்கு அவை முதன்மைச் சான்றுகளாயின. அவ்வாண்டு ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்த நார்த், பொத்தானை அழுத்தியதும் செய்தி என்றென்றைக்குமாக ஒழிந்தது என்றே தாங்கள் நம்பியதாகவும், அந்நம்பிக்கை பொய்த்ததாகவும் ஒப்புக்கொண்டார். பின்னர் இருவர்மீதும் நீதிமன்றம் வழங்கிய தண்டனைத் தீர்ப்புகள், நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு உறுதியுடன் அவர்கள் அளித்த சாட்சியம் வழக்கைப் பாதித்திருக்கலாம் என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. நீதிமன்றத் தண்டனை நிலைக்கவில்லை; வரலாற்றுச் சான்று நிலைத்தது.

இறுதி நாளின் மாலை

கதை அத்துடன் முடியவில்லை. 1989 ஜனவரி 20 அன்று ரீகன் பதவி நீங்கிப் புஷ் பதவியேற்க இருந்தார். பழையவர்கள் போகும்போது கணிப்பொறியில் உள்ளதை வெறுமையாக்கி, வருபவர்களுக்கு இடம் விடுவது இயல்பான அலுவலக நடைமுறையாகவே கருதப்பட்டது. நாடாக்களில் எஞ்சியவையும் போய்விடும் என்பதை ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்னும் பத்திரிகையாளர் அறிந்தார். அவர் தேசியப் பாதுகாப்பு ஆவணகம் என்னும் தனியார் ஆய்வு அமைப்பை நிறுவியவர். பதவி மாற்றத்திற்கு முந்திய நாளான ஜனவரி 19 அன்று அவரும் அவ்வமைப்பினரும் நீதிமன்றத்தை அணுகினர். அன்று மாலையே நீதிபதி பாரிங்டன் பார்க்கர் அழிப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தார். ஒரு மாலைப்பொழுது தாமதித்திருந்தால் ஓர் ஆட்சியின் எட்டாண்டு நினைவில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும்.

தொடர்ந்து நடந்த வழக்கில் அரசு முன்வைத்த வாதம் எளிமையானது: “முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம்; பிறகு கணிப்பொறியில் உள்ளதை அழித்தால் என்ன?” 1993 ஜனவரியில் நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி இதனை ஏற்க மறுத்தார். அச்சிட்ட தாளில் கடிதத்தின் வாசகம் இருக்கலாம். ஆனால் அதைப் பெற்றவர்கள் யார் யார், எந்நேரத்தில் பெற்றார்கள் என்பன போன்ற செய்திகள் அதில் விடுபடக்கூடும். ஒரு தவறு நடக்கையில் யாருக்குத் தெரியும், எப்பொழுது தெரியும் என்பதே தலையாய கேள்வி அன்றோ? அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. மின்னஞ்சலும் அரசு ஆவணமே என்பது அவ்வாறு நிலைபெற்றது. 1994ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகை தன் மின்னஞ்சல்களைத் தானாகவே சேமிக்கும் அமைப்பொன்றை ஏற்படுத்திக்கொண்டது.

ஆயினும் மனிதர் பாடங்களை மறக்க வல்லவர். இளைய புஷ் ஆட்சியில் அவ்வமைப்பு கைவிடப்பட்டது, செய்திகள் காணாமற்போயின, மீண்டும் வழக்கு வந்தது. 2009 டிசம்பரில் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, காணாமற்போனவை எனக் கருதப்பட்ட 2 கோடியே 20 லட்சம் மின்னஞ்சல்கள் கண்டெடுக்கப்பட்டிருந்தன.

அழிக்காததன் விலை

இதுவரை கூறியதைக் கேட்போர், ‘அப்படியானால் எதையுமே அழிக்காதிருப்பதுதான் நேர்மை’ என்று முடிவு கட்டிவிடக்கூடும். அதற்கும் வரலாறு ஒரு மறுமொழி வைத்திருக்கிறது.

ஹியூஸ்டன் நகரில் இயங்கிய என்ரான் என்னும் எரிசக்தி நிறுவனம் பொய்க்கணக்குகளால் வீங்கி, 2001 டிசம்பரில் திவாலானது. அதன் கணக்குகளைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தினர், அரசு விசாரணை வரவிருப்பதை அறிந்த நிலையில், அவ்வாண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் காகிதங்களையும் மின்னஞ்சல்களையும் பெருந்தொகையாக அழித்தனர். ‘பழைய ஆவணங்களைக் கழிக்கும் நம் விதியைப் பின்பற்றினோம்’ என்பதே அவர்கள் கூறிய காரணம். 2002ஆம் ஆண்டில் நடுவர் குழு அந்நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. நடுவர்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலில் பிழை கண்ட உச்சநீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் அத்தீர்ப்பை நீக்கியது. எனினும் நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த அந்நிறுவனம் அதற்குள் சரிந்துவிட்டது.

இது ஒருபுறம். மறுபுறத்தில் அழிக்கப்படாத கடிதங்களின் கதை இருக்கிறது. விசாரணைக்காக என்ரானின் மின்னஞ்சல்களைக் கைப்பற்றிய அரசு ஒழுங்குமுறை ஆணையம், 2003ஆம் ஆண்டில் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது. ஏறத்தாழ 150 பேரின் பெட்டிகளிலிருந்து சுமார் 5 லட்சம் செய்திகள் கொண்ட தொகுப்பு இன்றளவும் ஆய்வாளர் கையில் இருக்கிறது. வேண்டாத விளம்பர அஞ்சல்களைப் பிரித்தறியக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் ஆய்வுகளுக்கும் அது பயன்பட்டது. ஆனால் அத்தொகுப்பில் பொய்க்கணக்கோடு தொடர்பில்லாதவர்களின் குடும்பச் செய்திகளும் மனவேதனைகளும் அந்தரங்கங்களும் கலந்திருந்தன. பாதிக்கப்பட்டோர் வேண்டிக்கொண்ட பின்னரே சில கடிதங்கள் அகற்றப்பட்டன. இருக்க வேண்டிய காலத்தைக் கடந்தும் இருக்கும் கடிதம், எழுதியவரின் கைவிட்டு எங்கெங்கோ போகும். அழித்தல் சில வேளைகளில் குற்றமாகும். அழியாது விடுதல் சில வேளைகளில் பிறர்க்குச் செய்யும் தீங்காகும்.

கடிதத்தை அன்று, இருக்கையை நோக்கு

இவ்விரண்டிற்கும் நடுவே வழி உண்டா? 2013ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் ஒரு வழியை வகுத்தது. ‘கேப்ஸ்டோன்’ என்பது அதன் பெயர். கட்டடத்தின் உச்சியில் வைக்கப்படும் மூடுகல்லை அச்சொல் குறிக்கும். ஒவ்வோர் அலுவலரும் நாள்தோறும் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து, ‘இது நிலைக்க வேண்டியதா, கழிக்க வேண்டியதா’ என்று முடிவு செய்யும் முறை தோற்றுவிட்டது. எண்ணிக்கை அவ்வளவு பெருகிவிட்டது. எனவே கடிதத்தைப் பார்க்காமல், அது வந்து சேரும் இருக்கையைப் பார்ப்பது என்று முடிவு செய்தனர். உயர் பொறுப்பில் இருப்போரின் கணக்கில் உள்ளவை என்றென்றைக்கும் காக்கப்படும். ஏனையோருடையவை குறித்த சில ஆண்டுகள் இருந்து, பின்பு மொத்தமாக அழிக்கப்படும்.

இம்முறையின் சிறப்பு இரண்டு. முதலாவது, முடிவு முன்கூட்டியே செய்யப்படுகிறது. விசாரணை வாசலுக்கு வந்த நாளில் அன்று. இரண்டாவது, முடிவு வகை வகையாகச் செய்யப்படுகிறது. விருப்பு வெறுப்பின்படி ஒவ்வொன்றாக அன்று. நம் பங்கு அலுவலகங்களில் இது புதிதும் அன்று. திருமுழுக்குப் பதிவேட்டைக் கறையான் அண்டாது காப்போம். திருவிழாப் பந்தல் ரசீதுகளைத் தணிக்கை முடிந்து சில ஆண்டுகள் சென்றதும் கழிப்போம். ஒவ்வொரு தாளையும் எடுத்து விவாதிப்பதில்லை. வகைக்கு ஒரு விதி. விதிக்கு ஒரு காலம்.

நம் பெட்டியைத் திறக்கையில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தபோது, ஒருவருக்கு 1 ஜிகாபைட் இடம் தருவதாகக் கூறியது. அந்நாளில் ஹாட்மெயில் தந்தது 2 மெகாபைட். ஆகவே இது 500 மடங்கு. முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் எண்ணினர். இனி எதையும் அழிக்கத் தேவையில்லை, தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் கொள்கை. தொடக்கத்தில் அழிப்பதற்கென்று தனிப் பொத்தானும் முகப்பில் இல்லை. மக்கள் கேட்டுக்கேட்டு, 2006ஆம் ஆண்டில்தான் அது முன்னுக்கு வந்தது. கம்பியின் நீளம் மறைந்ததும் தேர்ந்து பார்க்கும் பழக்கமும் நம்மிடமிருந்து மறைந்தது. 2013 முதல் இலவச இடம் 15 ஜிகாபைட் என்று வரையறுக்கப்பட்டு, அதில் படங்களும் கோப்புகளும் பங்கு கேட்கவே, எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. இடம் முற்றிலும் நிறைந்துவிட்டால் புதிய கடிதம் வந்து சேராது.

ஆதலின், அமைதியான ஒரு பிற்பகலைத் தேர்ந்துகொள்வோம். முதலில் அழிக்க வேண்டியதை அன்று, காக்க வேண்டியதைத் தேடுவோம். நிலம், வீடு, மருத்துவம், கல்விச் சான்று, பணி நியமனம், மறைந்தோர் எழுதிய மடல்கள் ஆகியவற்றுக்குத் தனி அடையாளம் இட்டு, இன்றியமையாதவற்றை வேறிடத்திலும் படியெடுத்து வைப்போம். வழக்கிலோ விசாரணையிலோ தொடர்புடைய எதுவும் இருப்பின் அதைத் தொடாதிருப்போம்.

அதன்பின் வகை வகையாகக் கழிக்கலாம். ஒரு கடையின் பெயரைத் தேடற்கட்டத்தில் இட்டால் அக்கடை அனுப்பியவை யாவும் வந்து நிற்கும். மேலேயுள்ள கட்டத்தைத் தொட்டால் அப்பக்கத்தில் தெரிபவை மட்டுமே தெரிவாகும். கணிப்பொறியில் திறந்த ஜிமெயிலில், உடனே அதன்மேல் ஒரு வரி தோன்றி, தேடலுக்குப் பொருந்திய அனைத்தையும் தெரிவு செய்யவா என்று கேட்கும். ஆம் என்றால், பல்லாயிரமானாலும் ஒரே ஆணையில் நீங்கும். தேடலில் அளவையும் காலத்தையும் குறிப்பிடலாம். 10 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை என்று கேட்டால், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய இணைப்புகள் வெளிப்படும். நமக்குத் தெரிந்த நிறுவனங்களின் விளம்பரத்தை அழிப்பதோடு, ‘குழுவிலகு’ என்பதையும் அழுத்தினால் ஊற்று அடைபடும். அறிமுகமற்ற மோசடி அஞ்சல்களில் உள்ள எதையும் தொடாமல், அவற்றை ஸ்பேம் என்று குறித்துவிடுவதே நலம். கைப்பேசியில் நீக்கினால் கணிப்பொறியில் தங்கியிருக்கும் என்று எண்ணுவோரும் உளர். இரண்டும் ஒரே பெட்டியின் இரு சாளரங்கள் என்பதால் அவ்வாறு தங்குவதில்லை.

நீக்கியவை குப்பைத்தொட்டியில் 30 நாள்கள் கிடக்கும். பழைய பொறியாளர்கள் தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே வைத்த அவகாசம் இதுவே. இடம் உடனே வேண்டும் என்ற கட்டாயம் இல்லையேல் தொட்டியை அன்றே வெறுமையாக்க வேண்டாம். தவறாக எறிந்த ஒன்று அந்நாள்களில் நினைவுக்கு வரக்கூடும்.

பாயிண்டெக்ஸ்டரும் நார்த்தும் அழித்த செய்திகள் ஆறாயிரத்துக்கும் குறைவு. நம்மில் பலர் ஒரு பிற்பகலில் அதைவிட மிகுதியாக அழிப்போம். எவரும் குறை கூறார். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. அஞ்சிய கை அழிப்பதற்கும், ஆய்ந்த கை கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. திண்ணையில் அமர்ந்து கம்பியிலிருந்து கடிதங்களை உருவிய பெரியவர் எவருக்கும் அஞ்சி அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தாளையும் அடுப்பில் இடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தார். மகனின் கடிதம் கையில் பட்டபோது மட்டும் சற்று நேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.